ஃபாலொகேட் பேட்ச்களை ரிவ்யூ செய்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் கோப்புக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும் ஃபாலொகேட் பகுதியை மாற்றும் பேட்ச் (நிரல் திருத்தம்) ஒன்று என் ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: இடம் போதாமல் போகும் வழியில் ஆரம்பியுங்கள். 10 ஜிபி கேட்டு, 6 ஜிபி ஒதுக்கியதும் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வையுங்கள். கோப்பின் அளவு என்ன காட்டுகிறது? கோட்டா (ஒரு பயனருக்கான இட வரம்பு) கணக்கு ஒத்துப்போகிறதா? ஜர்னல் (மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் பதிவேடு) டிரான்ஸாக்‌ஷன் மூடப்பட்டதா, பூட்டு (லாக்) விடப்பட்டதா? பேட்ச் எழுதியவர் எல்லாம் நல்லபடி நடக்கும் வழியைப் பத்து தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். இந்த வழியை ஒரு தடவைகூட ஓட்டியிருக்க மாட்டார்.

அடுத்தது கணக்கு. டிஸ்க் இடம் பிளாக் பிளாக்காக ஒதுக்கப்படுகிறது; ஒரு பிளாக் 4096 பைட் என்று வையுங்கள். 4000-வது பைட்டிலிருந்து 200 பைட் கேட்கிறார்கள். நீளத்தை மட்டும் பிளாக்காக மாற்றினால் 1 என்று வரும். ஆனால் கேட்ட பகுதி 4199 வரை போகிறது; 4096-இலேயே அடுத்த பிளாக் தொடங்கிவிடுகிறது. வேண்டியது 2. தொடக்கத்தைக் கீழ்ப்பக்கமும் முடிவை மேல்பக்கமும் பிளாக் எல்லைக்குக் கொண்டுவந்த பிறகே கழிக்க வேண்டும். 0-வது பைட்டில் தொடங்கும் டெஸ்ட் எதிலும் இந்தப் பிழை சிக்காது. பிளாக் எண்ணை பைட்டாக மாற்றும் வரிகளையும் விடாதீர்கள். இஎக்ஸ்டி4-இல் கோப்புக்குள் பிளாக் எண் 32 பிட். அதை 64 பிட்டுக்கு மாற்றாமல் (4096-ஆல் பெருக்க) இடப்பக்கம் 12 பிட் நகர்த்தினால், 4 ஜிபி தாண்டியதும் எண் சுற்றிக்கொண்டு 0-க்கு வந்துவிடும்.

கேள்வி: எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் கோப்பின் அளவைவிட டியூ (டிஸ்க்கில் பிடித்த இடத்தைக் காட்டும் கட்டளை) அதிகம் காட்டுகிறதே, பிழையா?

பதில்: இல்லை. கோப்பு வளரும் என்று கணித்து, அதன் முடிவுக்கு அப்பாலும் இடம் பிடித்து வைக்கிறது. தேவைப்படாததைப் பின்னணியில் திருப்பிக் கொடுத்துவிடும்.

கேள்வி: மாற்றங்களை வரிசையாக எழுதி வைக்கும் லாக் கோப்புக்கு ஃபாலொகேட்டால் இடம் ஒதுக்கியும் எங்கள் டேட்டாபேஸில் எஃப்சிங்க் (தரவு டிஸ்க்கில் பதியும்வரை காத்திருக்கும் அழைப்பு) மெதுவாகவே இருக்கிறது. ஏன்?

பதில்: நல்ல கேள்வி. ஃபாலொகேட் பிளாக்குகளைப் பிடித்து, 'இன்னும் எழுதப்படவில்லை' என்று குறித்து வைக்கிறது. படித்தால் பூஜ்யம்தான் வரும். நீங்கள் எழுதும்போது தரவு முதலில் டிஸ்க்குக்குப் போக வேண்டும். பிறகே அந்தக் குறி மாற வேண்டும். அந்த மாற்றம் ஜர்னல் வழியாகப் போகிறது. உங்கள் நேரம் அங்கேதான் செலவாகிறது.

இந்த வரிசையைத் தொடும் பேட்ச் வந்தால் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுப் படியுங்கள். குறி முதலில் மாறி, நடுவில் மின்சாரம் போனால், அந்த பிளாக்கில் முன்பு இருந்த வேறொருவரின் தரவு உங்கள் கோப்பில் தெரியும்.

கேள்வி: எக்ஸ்எஃப்எஸ்-இல் கோப்பை அழிக்காமலே காலி இடம் கூடியது எப்படி?

பதில்: மேலே சொன்னதுதான். பிடித்து வைத்தது திரும்பி வந்திருக்கிறது.

கேள்வி (டேட்டாபேஸ்காரர் மறுபடியும்): அந்த டிஸ்க்கில் எங்கள் புரோகிராம் மட்டும்தான் ஓடுகிறது. 'எழுதப்படவில்லை' குறியே வேண்டாம் என்று ஒரு ஆப்ஷன் தந்தால் என்ன?

பதில்: 2012-இல் லினக்ஸ் கெர்னல் ஆட்களிடையே இதே வாதம் சூடாக நடந்தது. பழைய தரவை மறைக்க வேண்டாம் என்று சொல்லும் ஃபிளாகுக்கு எண் மட்டும் ஒதுக்கப்பட்டது. அதைச் செய்து காட்டிய இஎக்ஸ்டி4 பேட்ச் பொதுக் கெர்னலில் சேரவில்லை. சேராததே நல்லது என்பேன். இன்று உங்கள் புரோகிராம் மட்டும் ஓடலாம். நாளை அதே மெஷினில் பேக்கப் ஒன்று ஓடும், அழித்ததாக நினைத்த பாஸ்வேர்டு கோப்பின் துண்டு பேக்கப்போடு வெளியே போகும்.

கேள்வி: பாசிக்ஸ் ஃபாலொகேட்டும் (posix_fallocate) லினக்ஸின் ஃபாலொகேட்டும் ஒன்றா?

பதில்: இல்லை. ஃபைல் சிஸ்டத்தில் வசதி இல்லாவிட்டால் ஃபாலொகேட் பிழை தரும். சி நூலகமான ஜிலிப்சியின் பாசிக்ஸ் ஃபாலொகேட் அப்போது தானே ஒவ்வொரு பிளாக்கிலும் எழுதிப் பார்க்கும்.

கேள்வி: இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில்?

பதில்: அது எழுதும் ஒவ்வொரு முறையும் புது இடத்தில் எழுதுகிறது. அங்கே ஒதுக்கீட்டின் பொருளே வேறு. அந்தப் பக்கம் வேலை செய்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: எக்ஸ்எஃப்எஸ்-இல் டியூ...

பதில்: இரண்டு முறை சொல்லிவிட்டேன். மேலே படியுங்கள்.

கேள்வி (டேட்டாபேஸ்காரர்): சரி, ஆப்ஷன் கிடையாது. வேறு வழி?

பதில்: உண்டு. லாக் கோப்பை உருவாக்கும்போதே முழுக்கப் பூஜ்யம் எழுதி எஃப்சிங்க் செய்துவிடுங்கள். முடிந்ததும் அழிக்காமல் அதே கோப்பை மறுபடி பயன்படுத்துங்கள். குறி மாற்றும் வேலை முதல் முறையோடு முடிந்துவிடும். அதன் மேல் எழுதும்போது எஃப்டேட்டாசிங்க் (நேரம் போன்ற விவரங்களை விட்டுத் தரவை மட்டும் பதியும் அழைப்பு) போதும். பூஜ்யம் எழுதும் அந்த வழியிலும் டிஸ்க் நிரம்பினால் என்ன ஆகிறது என்று முதலில் பாருங்கள்.