அலுமாரியில் இருக்கும் பழைய கொனியாக்: வைத்திருந்தால் விலை ஏறுமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2005 இல் பாரிசில் இருந்து சித்தப்பா எக்ஸ்.ஓ. கொனியாக் இரண்டு போத்தல் கொண்டுவந்தார். போன மாதம் ஒன்றைத் திறந்துவிட்டோம். மற்றதை இன்னும் பத்து வருடம் வைத்தால் முதிர்ந்து விலை ஏறுமா? தரத்தை எப்படி அறிவது?"

கொனியாக் ஒரு வகைப் பிராந்தி. போத்தலுக்குள் அது முதிராது. பிரான்சின் கொனியாக் பகுதியில், பெரும்பாலும் உக்னி பிளாங் என்ற புளிப்பான வெள்ளை முந்திரிகையில் வைன் செய்து, செப்புக் கலத்தில் இருமுறை வடித்து, ஓக் பீப்பாயில் வைக்கிறார்கள். வயது ஏறுவது அந்தப் பீப்பாயில் மட்டும்தான். நீண்டகாலம் முதிர்ந்தது என்ற பொருளில் லேபலில் எக்ஸ்.ஓ. என்று போட இப்போது குறைந்தது 10 வருடம் பீப்பாயில் இருக்க வேண்டும். 2018க்கு முன்பு 6 வருடமே போதும். உங்கள் போத்தல் அந்தப் பழைய விதிக்கு உட்பட்டது, ஆகவே எழுத்தை மட்டும் நம்பாமல் ருசித்துப் பார்ப்பது நல்லது.

திறந்த போத்தலில் பாருங்கள். எங்கள் வெக்கையில் மதுசாரம்தான் முதலில் மூக்கில் அடிக்கும், அதனால் விடியற்காலையிலோ ஏசி அறையிலோ செய்யுங்கள். வாய் குறுகிய சிறிய கிளாஸில் 20 மில்லிலீற்றர் போதும். கிளாஸை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கும் பழக்கம் வேண்டாம். சுழற்றாமல், சற்றுத் தள்ளிப் பிடித்து மணந்தால் பூவும் பழமும் வரும். பிறகு மெதுவாகச் சுழற்றினால் வனிலா, கறுவா. நீண்டகாலம் பீப்பாயில் கிடந்த சரக்கில் வேறொரு மணமும் எழும்: காளான், வாதுமை, உலர்ந்த பழம் எல்லாம் கலந்தது. பழைய பனாட்டைப் பிரிக்கும்போது வருவதுபோல் அடர்த்தியாக இருக்கும். பிரெஞ்சுக்காரர் இதை ராஞ்சியோ என்பார்கள். விலையைத் தூக்குவது இதுதான். ஒரு சொட்டு விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது என்றும் கவனியுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். கரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

சரி, திறக்காத போத்தல். அதன் மதிப்பு இனி நீங்கள் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது. தக்கையை மதுசாரம் அரிக்கும், அதனால் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். லேபலை ஈரத்துணியால் துடைக்கவே வேண்டாம். பெட்டி, வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வாங்குபவர் முதலில் பார்ப்பது முத்திரையையும் உள்ளே மட்டம் இறங்கியிருக்கிறதா என்பதையும்தான். தயாரிப்பு நின்றுபோன வகையென்றால் சேகரிப்போர் தேடுவார்கள், இல்லையென்றால் பெரிய லாபத்தை எதிர்பார்க்காதீர்கள்.

உரிமம் இல்லாமல் இங்கே மது விற்பது குற்றம். பிரான்சில் உள்ள உறவினர் மூலம் அங்குள்ள ஏல நிறுவனத்தில் விசாரியுங்கள். பெரும்பாலும் படங்களை வைத்தே உத்தேச விலை சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர், 17 வயதோ அதற்கு மேலோ என்றால், சொந்தப் பாவனைக்கோ அன்பளிப்புக்கோ ஒரு லீற்றர் கடும் மதுவை வரியில்லாமல் கொண்டுபோகலாம். விற்பதற்குக் கொண்டுபோவதென்றால் முதலில் சுங்கத்தில் கேளுங்கள்.