தம்பிக்கு எடுத்த கடனை இன்னொரு தடவை புதுப்பிக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 51 வயது. ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். சம்பளம் 5,400 வெள்ளி, சேமிப்பு 62,000. ஏ நிலை முடித்த மகளுக்கு அனைத்துலக உறவுகளோடு வரலாறோ பிரெஞ்சோ சேர்த்துப் படிக்க ஆசை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்திருக்கிறது. மன்னார்குடியில் இருக்கும் தம்பிக்காக எடுத்த வங்கிக் கடனுக்கு மாதம் 979 வெள்ளி கட்டுகிறேன், இன்னும் 26 மாதம். இது மூன்றாவது கடன். முதல் இரண்டையும் முடியும் முன்பே புதுப்பித்தேன். இப்போது மினி லாரி வாங்க 20,000 கேட்கிறான். கடனைப் புதுப்பித்து அவனுக்கும் கொடுத்து, மகளையும் ஸ்காட்லாந்து அனுப்பலாமா? முதலீடு சார்ந்த காப்புறுதி எடுத்தால் நாலு வருஷத்தில் பணம் பெருகும் என்கிறார் ஒரு நண்பர். ராத்திரி தூக்கமே இல்லை.

பதில்: கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியதில் மகளைப் பற்றி ஒரு பத்தி, மீதி முழுக்கத் தம்பி. தூக்கத்தைக் கெடுப்பது மகளின் படிப்பு இல்லை. கடன் முடியும் நேரத்தில் அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும் உங்கள் பழக்கம்தான்.

கணக்கைப் பாருங்கள். 50,000 வெள்ளி, 3.5 விழுக்காடு, ஐந்து வருஷம் என்று எழுதியிருந்தீர்கள். மாதாமாதம் அசல் குறைந்தாலும் வட்டியை முழு 50,000-க்கும் போடுகிறார்கள். அதனால் உண்மையான வட்டி 6.5 விழுக்காட்டுக்கு மேல் வரும். இப்போது அசலில் பாக்கி சுமார் 24,000. தம்பியின் 20,000-ஐச் சேர்த்து 44,000-க்குப் புதிதாக ஐந்து வருஷக் கடன் எடுத்தால் தவணை 862 வெள்ளி ஆகும். மாதம் நூற்றுச் சொச்சம் மிச்சம் என்று வங்கியில் சொல்வார்கள். அதைக் கேட்டுத்தான் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். புதுப்பிக்காவிட்டால் நீங்கள் இனிக் கட்ட வேண்டியது ஏறக்குறைய 25,500. புதுப்பித்தால் 51,700. தம்பி கையில் 20,000 கொடுக்க உங்களுக்கு 26,000 போகும், 56 வயது வரை தவணையும் ஓடும். மகளுக்காகவும் அதே கடனில் இன்னும் வாங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பியிடம் காரணம் தேடாமல் நேராகச் சொல்லுங்கள்: "கடன் வாங்கி இனிமேல் கொடுக்க முடியாதுப்பா. முடிந்த மாதம் கையில் இருப்பதை அனுப்புகிறேன்." லாரிக்கு ஊரிலேயே வண்டிக் கடன் கிடைக்கும், அதற்கு ஈடு அந்த வண்டிதான். ஓட்டிச் சம்பாதிக்கப்போகிறவர் தவணையைக் கட்டட்டும். கோபப்படுவார், தெரியும். கூடப் பிறந்தவரிடம் இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரியும். ஆனாலும் இந்த மாதமே சொல்லிவிடுங்கள்.

காப்புறுதி நண்பருக்கு ஒரே பதில், வேண்டாம். நாலு வருஷத்துக்குள் தேவைப்படும் பணம் அதற்கானது அல்ல. முதல் சில வருஷங்களில் கட்டணமே நிறையப் போகும், இடையில் எடுத்தால் அதற்கும் பிடிப்பார்கள். படிப்புக்கு ஏற்ற திட்டம் என்று இதை விற்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, மகளுக்கு வருவோம். செயின்ட் ஆண்ட்ரூஸில் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் வருஷத்துக்கு 30,000 பவுண்டுக்கு மேல். தங்க, சாப்பிட 13,000 வையுங்கள். பவுண்டுக்கு 1.7 வெள்ளி என்றால் வருஷம் 73,000. பட்டத்துக்கு நாலு வருஷம் என்பதால் மூன்று லட்சத்தைத் தொடுகிறது. மொழியும் சேர்த்து ஒரு வருஷம் வேறு நாட்டில் படித்தால் ஐந்தாம் வருஷமும் உண்டு. உங்கள் சேமிப்பு முதல் வருஷத்துக்கே காணாது. ஓய்வுகாலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து கட்டணம் கட்ட விடும் கல்வித் திட்டமும் உள்நாட்டுப் படிப்புக்குத்தான்.

இங்கே அரசாங்க மானியம் போக வருஷம் 8,000 வெள்ளிக்குச் சற்று மேல். அனைத்துலக உறவுகள் அரசியல் அறிவியல் துறையில் இருக்கிறது, கூடவே வரலாறு எடுக்கலாம். பிரெஞ்சிலிருந்து ஜப்பானியம் வரை மொழி வகுப்புகளும் உண்டு. எஸ். ராஜரத்தினத்தை உங்கள் மகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர், போரால் வீட்டுப் பணம் வராமல் போக, படிப்பை முடிக்காமலே பத்திரிகையாளர் ஆனார். 1965-இல் நம் முதல் வெளியுறவு அமைச்சரும் ஆனார். ஸ்காட்லாந்து போகாவிட்டால் வாழ்க்கையே போயிற்று என்று பெண் அழுதால் அவரைப் பற்றிப் பேசுங்கள்.

கட்டணத்துக்கு முதலில் மகள் பெயரில் கல்விக் கட்டணக் கடன் வாங்குங்கள். மானியம் போக உள்ள கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. அதற்கு நீங்கள் ஜாமீன் நிற்கலாம். சேமநிதியைப் பிறகு பாருங்கள். அதில் பணம் எடுத்த நாள் முதல் 2.5 விழுக்காடு வட்டி ஓடும், படித்து முடித்த பிறகு மகள் அதை உங்கள் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். அது உங்கள் ஓய்வுகாலப் பணம்.

வெளிநாட்டு ஆசையையும் விட வேண்டாம். மாணவர் பரிமாற்றத்தில் ஒரு பருவம் போனால் கட்டணம் இங்கேதான், தங்கும் செலவு மட்டும் நம்முடையது. ஐந்து மாதத்துக்குச் சுமார் 10,000 வெள்ளி ஆகும். தம்பியின் கடனை இப்படியே விட்டால் 26 மாதத்தில், மகள் மூன்றாம் ஆண்டு தொடங்கும் சமயத்தில், முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்த 979 வெள்ளியை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். பதினோரு மாதத்தில் 10,700 சேர்ந்துவிடும்.