ஆர்.சி. இறந்தவர் பெயரில், கார் பட்டறையில்: மோசடிப் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். 1965ஆம் ஆண்டுத் தயாரிப்பான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கைத் திறந்த காரை ஓர் இடைத்தரகரிடம் 9 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். ஆர்.சி. குன்னூரில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் பெயரில் உள்ளது. அவர் 2021இல் காலமாகிவிட்டார். அவர் கையெழுத்துடன், தேதி நிரப்பாத உரிமை மாற்றப் படிவங்கள் 29, 30 என்னிடம் உள்ளன. புதுப்பிக்கப் பட்டறையில் விட்டு, முன்பணமாக 4 லட்சம் கொடுத்தேன். பதினெட்டு மாதங்கள் ஆகின்றன. என்னைக் கேட்காமலே மூல இன்ஜினைக் கழற்றிவிட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற வேறொரு பழைய காரின் இன்ஜினைப் பொருத்திவிட்டார்கள். மேலும் மூன்றரை லட்சம் தந்தால்தான் கார் வெளியே வரும் என்கிறார் பட்டறைக்காரர். இப்படி ஒரு கார் வைத்திருக்க வேண்டும் என்பது என் தந்தையின் வாழ்நாள் ஆசை. பட்டறை ஆட்கள் முன்னிலையில் என்னை அவமானப்படுத்தினார்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகாரை வாங்கவில்லை. காவல் ஆணையரிடம் மோசடிப் புகார் கொடுக்க வரைவு தயாரித்து இத்துடன் அனுப்பியுள்ளேன். சரியாக உள்ளதா?

பதில்: வரைவு நன்றாகவே உள்ளது. அதைக் கொடுக்காதீர்கள்.

தந்தையின் ஆசை, பட்டறையில் கேட்ட வசவு, பதினெட்டு மாதக் காத்திருப்பு ஆகியவை நான்கு பக்கம் வருகின்றன. இவற்றில் எதுவும் இந்த விவகாரத்தின் முடிவைத் தீர்மானிக்கப் போவதில்லை. தீர்மானிக்கப் போவது நீங்கள் மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்ட செய்தி: ஆர்.சி. இறந்துபோன ஒருவர் பெயரில் உள்ளது. அவருடைய வாரிசுகள் யார், அவர்களுக்கு இந்த விற்பனை தெரியுமா என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. வாரிசுகளிடம் உரிமையைச் சரிசெய்வது முதல் வேலை; பட்டறைக்காரர் மீதான வழக்கு இரண்டாவது வேலை. அந்த முதல் வேலை முடியாமல் இரண்டாவதில் இறங்கினால், காரை மீட்கப் போய்க் காரையே இழக்கும் வாய்ப்பு உண்டு.

பட்டறைக்காரர் காரைப் பிடித்து வைத்திருப்பது தானாகவே குற்றமாகிவிடாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவின்படி, ஒருவர் ஒப்படைத்த பொருளின் மீது தம் உழைப்பையோ திறமையையோ செலுத்தி வேலை செய்தவர், அதற்குரிய கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். வைரத்தை அறுத்து மெருகேற்றக் கொடுத்தால் கூலி தரும்வரை நகைத்தொழிலாளி அதை வைத்துக்கொள்ளலாம் என்றும், தைத்தவுடன் கோட்டைத் தந்துவிட்டு மூன்று மாதக் கடனில் கூலி வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்ட தையற்காரருக்கு அந்த உரிமை இல்லை என்றும் சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. உங்கள் பட்டறைக்காரர் தம்மை நகைத்தொழிலாளி என்பார். வேலை கொடுத்த நோக்கத்துக்கு ஏற்பச் செய்து முடித்தால்தான் அந்த உரிமை பிறக்கும், கேட்காமல் இன்ஜினை மாற்றியது அந்த நோக்கத்துக்கே விரோதம் என்று நீங்கள் வாதிடலாம். நல்ல வாதம்தான். ஆனால் அது உரிமையியல் நீதிமன்றத்திலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ வைக்க வேண்டிய வாதம் என்பதால்தான், ‘சிவில் விவகாரம்’ என்று சொல்லிக் காவல் நிலையத்தில் உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதை ஒரு குறையாக எழுதியுள்ளீர்கள். நான் அதை உங்கள் நல்ல நேரம் என்றே கருதுகிறேன்.

ஏனென்றால், புகார் ஏற்கப்பட்டு முதல் தகவல் அறிக்கை பதிவானால் அடுத்து நடப்பது இதுதான். வழக்குச் சொத்து என்று கார் கைப்பற்றப்படும். பின்னர் குற்றவியல் நடுவர் முன் மனுப் போட்டு இடைக்காலப் பொறுப்பில் கேட்க வேண்டும். கைப்பற்றிய வாகனங்களைக் காவல் நிலைய வளாகங்களில் நெடுநாள் போட்டு வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது என்பதால், அந்த மனுவைப் பெரும்பாலும் விரைவிலேயே எடுத்துக்கொள்வார்கள். சிக்கல் அடுத்த கேள்வியில் உள்ளது: யாரிடம் ஒப்படைப்பது? நடுவர் முதலில் கேட்பது ஆர்.சி.யைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவுப்படி, யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரே வாகனத்தின் உரிமையாளர். அவர் இறந்துவிட்டார் என்றால் வாரிசுகளுக்கு அறிவிப்புப் போகும். அதுவரை இந்தக் காரின் இருப்பையே மறந்துபோயிருந்த வாரிசுகள், அதன் இன்றைய விலை என்ன என்பதை அந்த அறிவிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

இது கற்பனை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர், வேறொரு பழைய காருக்காக இதே வழியில் போனவர். பட்டறையில் பிரித்துப் போட்ட நிலையில் இருந்த காரைக் காவல் துறையினர் அள்ளி வந்தார்கள். கைப்பற்றுதல் மகஜரில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: துருப்பிடித்த கார் கூடு ஒன்று, இரும்புச் சாமான்கள் உள்ள சாக்கு மூட்டை மூன்று. முகப்பு விளக்கு வளையங்கள், கதவுக் கைப்பிடிகள், அளவுமானிகள் ஆகியவை அந்த மூன்று மூட்டைகளில் இருந்தனவா இல்லையா என்பதை இன்றுவரை எவராலும் நிரூபிக்க முடியவில்லை. கூரையில்லாத இடத்தில் இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஆர்.சி.யில் பெயர் இருந்தவரின் மகன் வந்து நின்றார். என் கட்சிக்காரர் கடைசியில் அந்த மகனுக்கு ஒரு தொகை கொடுத்து, முன்பே ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய காரை மறுபடியும் வாங்கினார். பட்டறைக்காரர் மீதான வழக்கு ஆதாரமில்லை என்று முடிக்கப்பட்டது.

பணம் கொடுத்து வாங்கியது நானாயிற்றே என்பீர்கள். பதிவுச் சான்று மட்டுமே சொத்துரிமை ஆகிவிடாது, அசையும் பொருளின் உரிமை விற்பனை ஒப்பந்தத்தாலும் கைமாற்றத்தாலும் மாறும் என்பது உண்மை. ஆனால் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி, விற்றவருக்கு இருந்ததைவிட மேலான உரிமை வாங்கியவருக்கு வராது. தோட்டக்காரர் உயிரோடிருந்தபோது அந்த இடைத்தரகருக்கு விற்றார் என்பதற்கு ரசீது, வங்கிப் பரிமாற்றம், கடிதம் என்று ஏதாவது உள்ளதா? இருந்தால் உங்கள் கால் தரையில் நிற்கிறது. இல்லையென்றால், வாரிசுகள் பார்வையில் நீங்கள் வைத்திருப்பது அவர்கள் வீட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே போன ஒரு கார்.

தேதி போடாத அந்தப் படிவங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “இன்றைய தேதியைப் போட்டுக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்ல ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் ஆள் கிடைப்பார். 2021இல் இறந்தவர் அதற்குப் பிந்தைய தேதியில் காரை விற்பதாக ஓர் ஆவணம் தயாரானால், அதை அரசு அலுவலகத்தில் உண்மையானதாகக் காட்டுகிறவர் நீங்கள்தான், வாசலில் நின்ற அந்த ஆள் அல்ல. மோசடிப் புகார் கொடுக்கப் போகிறவரே போலி ஆவணத்தைப் பயன்படுத்தியவராக நிற்கும் நிலை அது. முந்தைய தேதியைப் போடுவதும் அதே தவறுதான். அந்தத் தாள்களை ஓர் உறையில் போட்டு, எதுவும் எழுதாமல், அப்படியே வைத்திருங்கள். இடைத்தரகர் உங்களிடம் என்ன சொல்லி விற்றார் என்பதற்கு அவைதான் சாட்சி. விற்க உரிமையில்லாமல் விற்றார் என்றால், அவரிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு உதவும். அதற்கும் காலவரம்பு உண்டு: வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் எப்போது முடிகின்றன என்று இன்றே கணக்குப் பாருங்கள்.

எனவே முதலில் குன்னூருக்குப் போங்கள். வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்ப வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் கண்டதும் ஒரு குடும்பம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். நேரில் போய், வாங்கிய கதையை உள்ளபடி சொல்லுங்கள். அவர்களுக்கும் இதில் ஒரு நன்மை உண்டு என்பதை விளக்கலாம்: கைமாறிய வாகனமே ஆனாலும் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவிலுள்ள உரிமையாளரையே சேரும் என்று நவீன்குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அந்தப் பாரம் இப்போது அவர்கள் தகப்பனார் விட்டுச்சென்ற சொத்தின் மேல் தொங்குகிறது. வட்டாட்சியரின் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31இல் அவர்கள் தங்கள் பெயருக்கு மாற்றி, அதன்பின் முறையாகப் படிவம் 29, 30 மூலம் உங்களுக்கு மாற்ற வேண்டும். இறப்பிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது. தாமதத்துக்குரிய தொகையை நீங்களே கட்டிவிடுங்கள். அவர்கள் ஒரு சிறு தொகை கேட்டால் பேரம் பேசிக் கொடுத்துவிடுங்கள். நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இன்ஜின் குறித்த குறையை மட்டும் நான் ஒதுக்கவில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. ஸ்பிட்ஃபயரே டிரையம்ப் ஹெரால்டின் சேசிஸைச் (அடிச்சட்டத்தை) சுருக்கிச் செய்த கார்தான் என்பதால், அதன் இந்திய வடிவமாக வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் இன்ஜினைப் பொருத்துவதில் மெக்கானிக்குக் கூச்சம் இருந்திருக்காது. அவருக்கு அது வேலை நடக்க ஒரு வழி. சட்டத்துக்கு அது வேறு. உங்கள் காரின் இன்ஜின் 1147 சிசி. பொருத்தப்பட்டது 948 சிசி. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண் எஃப், சி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்குவதாக எழுதியுள்ளீர்கள். இப்போது காரிலுள்ள எண் அது இல்லை. ஆய்வாளர் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கும்போது பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவில் தண்டனைக்கு உள்ளாகிறவர் உரிமையாளர்தான், மெக்கானிக் அல்ல. மேலும், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த கார்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள், சேசிஸ், கூடு, இன்ஜின் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அந்தப் பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, பழங்கார் ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், அன்றாடம் அலுவலகம் போக அல்ல. ஆனால் மூல இன்ஜின் இல்லாமல் அந்தக் கதவு திறக்கவே வாய்ப்பில்லை.

ஆகவே பட்டறைக்காரரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது காரை அல்ல, கழற்றிய மூல இன்ஜின் பிளாக்கை. அது இன்னும் அங்கே இருக்கிறதா, பழைய இரும்புக்குப் போய்விட்டதா என்று இந்த வாரமே, சண்டையில்லாமல், ஒரு படத்தோடு தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் சமரசம் செய்யுங்கள். கேட்கிற மூன்றரை லட்சத்தில் ஒன்றரையோ இரண்டோ கொடுத்து முடிக்க முடிந்தால் முடித்துவிடுங்கள்; பல ஆண்டு வழக்கில் வழக்கறிஞர் கட்டணமே அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும், இதைச் சொல்லும் நானும் வழக்கறிஞன்தான். ஒப்பந்தத்தாளில் ‘கார் ஒன்று’ என்று எழுத விடாதீர்கள். எண்ணுடன் இன்ஜின் பிளாக், இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்கள், கியர்பாக்ஸ், பெயின்ட் அடிக்கக் கழற்றிய சேசிஸ் எண் தகடு என ஒவ்வொன்றும் தனித்தனியாக வர வேண்டும். அந்தத் தகடு எந்த டப்பாவில் கிடக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் பணம் போகக் கூடாது. எல்லாம் ரெக்கவரி வண்டியில் ஏறியபின், வாசலில் நின்று, வங்கி வழியே தொகையை அனுப்புங்கள். காப்பீடும் பெயரும் இல்லாத காரைச் சாலையில் ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

பிளாக் விற்கப்பட்டுவிட்டது என்றால் நிலைமை வேறு. அப்போது நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டு மனு போட உங்களுக்கு வலுவான காரணம் உண்டு, அதற்கு இரண்டு ஆண்டுக் காலவரம்பும் உண்டு. அந்த மனுவை நான் தயாரித்துத் தருகிறேன். அதற்கும் குன்னூர் வாரிசுகளின் கையெழுத்து முதலில் வேண்டும்.