வேட்டை ரைஃபிளில் மசில் பிரேக் பொருத்துவது நல்லதா?

மசில் பிரேக் என்பது துப்பாக்கிக் குழலின் நுனியில் திருகி மாட்டும், பக்கவாட்டில் துளைகள் கொண்ட சின்ன உலோகக் குழாய். தோளில் விழும் உதையைக் குறைப்பதுதான் அதன் வேலை.

வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு, தோட்டாவுக்குப் பின்னாலேயே சீறி வெளியேறும். அந்தச் சீற்றமும் துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிரேக் அதில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. தண்ணீர்க் குழாயை முழு வேகத்தில் திறந்தால் பிடித்திருக்கும் கை பின்னால் போகுமே, நீர் இருபக்கமும் பிரிந்து பாய்ந்தால் அந்தத் தள்ளல் தணியும். அதே கணக்குதான்.

300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பலத்த தோட்டாக்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பது குறையும். துப்பாக்கி அதிகம் துள்ளாததால், தோட்டா பட்ட இடத்தை ஸ்கோப்பிலேயே (குறிபார்க்கும் தொலைநோக்கியிலேயே) பார்க்கலாம்.

ஆனால் சத்தம்! 140 டெசிபலைத் தாண்டும் ஒற்றை வெடிச்சத்தமே காதைக் கெடுக்கும். பிரேக் இல்லாத ரைஃபிளே அதைத் தாண்டிவிடும். பிரேக் போட்டால் ஓசையும் காற்றடியும் சுடுபவர் பக்கமே திரும்புகின்றன. அருகில் நிற்கும் துணைவருக்கும் வேட்டை நாய்க்கும் பாதிப்பு இன்னும் மோசம். படுத்துச் சுட்டால் புழுதி கிளம்பும் என்பது சில்லறைத் தொல்லை. காதடைப்பான் அணியாமல் வேட்டையாடுபவருக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன். 243 போன்ற உதை குறைந்த தோட்டாவுக்கு அவசியமும் இல்லை.

பலர் இதைச் சைலன்சர் என்றே நினைக்கிறார்கள். சைலன்சர் ஓசையை அடக்கும், பிரேக் கூட்டும்.