'ஓப்பன் சோர்ஸ்' என்று எழுதியிருந்தால் அதற்காக அதிகக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. கொக்குவிலில் இலத்திரனியல் படிக்கிறேன். தண்ணீர்த் தாங்கி நிறைந்ததும் கிணற்று மோட்டரைத் தானாக நிறுத்துகிற ஒரு சின்ன புராஜெக்ட் செய்ய வேண்டும், தாங்கியின் அளவு ஃபோனிலும் தெரிய வேண்டும். ஒரு இணையக் கடையில் 'ஓப்பன் சோர்ஸ் ரிஸ்க்-ஃபைவ் ப்ராசசர்' என்று ஒரு போர்ட், கூடவே தனியாக ஒரு டிபக்கர் (நிரலில் பிழை தேட உதவும் கருவி). இரண்டும் சேர்த்தால் ஆர்டுயினோ ஊனோ என்ற பயிற்சி போர்டின் குளோனைவிட (நகல்) விலை நல்லாய்க் கூட. வாங்கலாமா?

பதில்: தம்பி, ஓப்பன் சோர்ஸ் என்றால் வடிவமைப்பை எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்தது, அந்த விளம்பரம் பாதிதான் உண்மை. ரிஸ்க்-ஃபைவ் என்பது சிப் அல்ல, ப்ராசசருக்கு என்னென்ன கட்டளைகள் விளங்க வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்பு. 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. உரிமக் காசு கட்டாமல் யாரும் அதன்படி சிப் செய்யலாம், ஆனால் செய்தவர் தன் வடிவமைப்பைத் திறந்து காட்ட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஒடியல் கூழ் காய்ச்சுகிற முறை ஊருக்கே தெரியும், அதற்காக அடுத்த வீட்டுப் பானையைத் திறந்து பார்க்க விடுவார்களா?

உங்களுடைய வேலைக்கு ஈஎஸ்பி32-சி3 என்ற சிப் உள்ள போர்ட் போதும். அதுவும் ரிஸ்க்-ஃபைவ்தான், 160 மெகாஹெர்ட்ஸ், 400 கிலோபைட் நினைவகம், வைஃபை உள்ளேயே இருக்கிறது. அதன் மென்பொருள் கருவித்தொகுப்பு திறந்தது என்றாலும் வைஃபைக்கான நிரல் மூடிய கோப்பாகத்தான் வருகிறது, அதில் ஏமாற வேண்டாம். டிபக்கர் தனியாக வாங்காதீர்கள். இந்தச் சிப்புக்குள்ளேயே யூஎஸ்பி வழி ஜேடேக் (டிபக்கர் வேலைக்கான இணைப்பு) இருக்கிறது, அதோடு பேசும் மென்பொருள்களான ஓப்பன்ஓசிடி, ஜிடிபி இரண்டும் இலவசம், ஒரு கேபிள் இருந்தால் நிரலை வரி வரியாக நிறுத்திப் பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம்: யூஎஸ்பி போவது 18, 19ஆம் பின்களில். அவற்றில் ரிலேயையோ (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சென்சரையோ கொடுத்துவிட்டால் கணினி போர்டை அடையாளம் காணாது, உடனே 'செத்த சாமான்' என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போகத் தோன்றும். பூட் பட்டனை அமுக்கியபடி ரீசெட் கொடுத்து நிரலை மறுபடி ஏற்றுங்கள், வந்துவிடும். கேபிளும் அப்படித்தான், சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள் வீட்டுக்கு நாலு கிடக்கும். ஃபோனிலிருந்து ஒரு படத்தைக் கணினிக்கு மாற்றிப் பாருங்கள், போகவில்லை என்றால் அந்தக் கேபிள் இதற்கு உதவாது.

டிபக்கரில் நானே காசு விட்டவன். சிஎச்32வி003 என்கிற மிக மலிவான சிப்பு, நிரல் வைக்கும் ஃபிளாஷ் நினைவகம் 16 கிலோபைட்தான். ஆசையில் ஒரு பொட்டலம் எடுத்துவிட்டு, அதற்கென்று ஒரு கடையில் டபிள்யூசிஎச்-லிங்க் என்ற டிபக்கரை வாங்கினேன். வந்தது பழைய வகை, இந்தச் சிப்பின் ஒற்றைக் கம்பி இணைப்பு அதற்குத் தெரியாது. வேண்டியது லிங்க்-ஈ. பெயரில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்! கடைக்காரர் "அண்ணை, ரெண்டும் ஒண்டுதான்" என்றார். திருப்பி எடுக்கவும் இல்லை. ஆகவே காசு கட்ட முதல் எந்தச் சிப்புக்கு எந்த டிபக்கர் என்று கடையிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராசசரையே திறந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே இருந்தால் அது வேறு கதை. ராஸ்பெரி பை பிகோ 2 என்ற சின்ன போர்டை வாங்கலாம், 2024இல் 5 டொலர் என்று அறிவித்தார்கள், இங்கே வரும்போது கூடத்தான் சொல்வார்கள். அதில் ஆர்ம் என்ற வேறொரு விதித்தொகுப்பின்படி செய்த இரண்டு கோர்களோடு (ப்ராசசரின் கணிக்கும் பகுதிகள்) ஹசார்ட்3 என்ற இரண்டு ரிஸ்க்-ஃபைவ் கோர்களும் இருக்கின்றன, ஒரு நேரத்தில் இரண்டைத்தான் ஓட்டலாம். ஹசார்ட்3இன் வடிவமைப்பு, வெரிலாக் என்ற சிப் வடிவமைப்பு மொழியில், கிட்ஹப் இணையத்தளத்தில் முழுதாகக் கிடக்கிறது. இன்னும் ஒரு படி போக டாங் நானோ 9கே. இது எஃப்பிஜிஏ (உள்ளிருக்கும் மின்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) உள்ள போர்ட், அதாவது பிகோஆர்வி32 போன்ற ஒரு திறந்த ப்ராசசரை நீங்களே யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற இலவசக் கருவிகளால் அதற்குள் கட்டி ஓட்டலாம். ஆனால் இந்தப் பருவத்துப் புராஜெக்டை இதில் தொடங்கினால் பருவம் முடிந்தாலும் தாங்கி நிறையாது.

அப்புறம், நீல நிறச் சின்ன ரிலேயில் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதை நம்பி மோட்டரை நேரே அதில் கொடுக்காதீர்கள். மோட்டர் தொடங்கும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் தாங்கி வழிந்தாலும் மோட்டர் நிற்காது. ரிலே ஒரு கொன்டாக்டரை (மோட்டர் போன்ற பெரிய சுமைக்கான கனமான சுவிட்ச்) இயக்கட்டும், கொன்டாக்டர் மோட்டரை இயக்கட்டும். டிபக்கருக்கென்று வைத்த காசை அதற்குப் போடுங்கள், 230 வோல்ட் பக்க வயரிங்கை எலக்ட்ரீசியன் ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.