கேட் திறந்ததும் விழிக்கும் குழந்தை

கேள்வி: வீடு புளியரையில், வேலை செங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில். கணவர் கொல்லத்தில் காய்கறி மொத்தக் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு மட்டும் வருவார். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் யுகேஜி. மாமியார் எங்களோடு இருக்கிறார். கிடைக்கும் ஐந்து நிமிஷத்தைக்கூட நான் வீணாக்குவதில்லை. காலை ஐந்தரைக்கு மகளை எழுப்பி, குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் அவள் கையெழுத்து நோட்டைப் பார்த்துவிடுவேன். தலை பின்னும்போது ஆங்கில ஸ்பெல்லிங். ஸ்கூட்டரில் போகும்போது ரயில்வே கேட் போட்டிருந்தால் வாய்ப்பாடு. ஆனால் இப்போதெல்லாம் கேட்டில் வண்டியை நிறுத்தினாலே என் முதுகில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். ரயில் போய், கேட் திறந்ததும்தான் விழிக்கிறாள். மகன் குளிக்கும் பத்து நிமிஷமும், இரவு பத்தரைக்குப் படுக்கும் முன் கால் மணி நேரமும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அவற்றை எப்படிப் பயன்படுத்தலாம்?
– பெயர் வேண்டாம், புளியரை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நேரத்தைப் பற்றி எழுதும் தாய்மார்கள் மாதத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். பாதிப் பேருடைய கடிதம் ஒரே மாதிரிதான் இருக்கும். ‘நீங்கள் நல்ல அம்மா’ என்ற சர்டிஃபிகேட் என்னிடம் கிடைக்காது. கேட் விஷயத்துக்கு வருவோம்.

கைக்கெட்டும் தூரத்தில் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. உங்கள் மகள் விழிக்கவில்லை. சத்தமே இல்லாமல் கேட் கம்பம் மேலே போகிறது. உடனே விழித்துக்கொள்கிறாள். இதை நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியில் மகன் குளிக்கிற நேரத்துக்குப் போய்விட்டீர்களே, அம்மா! ரயில் சத்தத்துக்கு எழாத பிள்ளை கம்பம் அசைந்ததற்கு எழுமா? அவள் தூங்கவில்லை. உங்கள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து தப்பிக்க வேறு வழி தெரியவில்லை. தப்பித்து எங்கே போகிறாள் என்றால், அதே அம்மாவின் முதுகுக்கு. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உங்களுக்கு ஆறு நிமிஷம் போச்சே என்று இருக்கிறது.

சரி, நான் சொல்வது தப்பு, அவள் நிஜமாகவே தூங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அப்படியானால் அந்தப் பிள்ளை உங்களிடம் தினமும் இரண்டு மணி நேரம் கடன் கொடுத்துவிட்டு, கேட்டடியில் ஆறு நிமிஷம் வசூல் செய்துகொள்கிறாள். எப்படிப் பார்த்தாலும் வாய்ப்பாட்டுக்கு அங்கே இடமில்லை. படுக்கும் முன் உள்ள கால் மணி நேரத்துக்கும் பதில் இதிலேயே வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளையும் எட்டரைக்குப் படுக்க வையுங்கள். காலைக் கையெழுத்து நோட்டை மூடிவிட்டு, எழுப்புவதையும் தள்ளிப்போடுங்கள்.

மகன் குளிக்கும் பத்து நிமிஷத்தை மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். யுகேஜி பையன், ஈரத் தரை, நிறைந்த வாளி. அது உங்களுக்கு ஓய்வு நேரமா? ஒன்று நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லை மாமியாரை நிற்கச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். முதுகு தேய்த்துவிடுகிற வேலையை அவரிடம் கேட்டுத்தான் பாருங்களேன். யாரும் கேட்பதில்லை என்பதுதான் பல மாமியார்களுக்குக் குறை.

துண்டு நேரத்துக்கு என்று வேலைகள் இல்லாமல் இல்லை. பாதியில் போட்டுவிட்டு எழுந்தால் கெடாத வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளி உரிக்கலாம், முருங்கைக்கீரை உருவலாம், துணி மடிக்கலாம். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, பையனும் உட்காரட்டும். வீட்டு வேலையில் பங்கு இல்லாமல் வளர்கிற பிள்ளை அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி ஆகிவிடும் என்பது என் கட்சி. கை வேலையில் இருந்தால் வாய் தானாகப் பேசும். படிப்பு அப்படியல்ல. ‘சீக்கிரம், கேட் திறக்கப் போகுது’ என்று விரட்டி வாங்குகிற பதின்மூன்றாம் வாய்ப்பாடு அவளுக்குப் பயமாகத்தான் மனதில் நிற்கும்.

அந்த வாய்ப்பாட்டை அப்பாவிடம் கொடுங்கள். ஞாயிறு மட்டும் வருவார் என்றால்? கொல்லம் கடல் தாண்டியா இருக்கிறது? கடை சாத்தியதும் ராத்திரி எட்டு மணிக்கு போன் போட்டு, ‘கிலோ பதின்மூன்று ரூபாய், ஏழு கிலோ எவ்வளவு?’ என்று கேட்கட்டும். காய்கறி வியாபாரிக்கு வாய்ப்பாடு உங்களைவிட நன்றாகவே வரும். பிள்ளைகளின் படிப்பை முழுக்க அம்மா தலையில் கட்டிவிட்டுக் காசு மட்டும் அனுப்புவதற்குப் பெயர் பொறுப்பு இல்லை. இதை அவரிடம் நானே சொன்னதாகச் சொல்லுங்கள்.

என் கதையும் ஒன்று உண்டு. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் என் மகனைத் திருக்குறள் ஒப்பிக்க வைத்தேன். எல்லோரும் மெச்சினார்கள். இன்று அவனுக்கு 34 வயது. என்னோடு உட்கார்ந்து இரண்டு நிமிஷம் சும்மா இருக்க அவனால் முடியாது. பேச்சு நின்றால் போதும், வங்கி வட்டி, மழை, பெட்ரோல் விலை என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பான். பேச்சு நின்றால் நான் கேள்வி கேட்பேன் என்று எப்போதோ பழகிவிட்டது போல. அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

உங்கள் மகள் பிறந்தபோது அந்தக் கேட்டைத் தாண்டிப் போகிற பாதையில் மலை ஏற ரயிலே கிடையாது, தெரியுமா? 1904-ல் வந்த மீட்டர் கேஜ் பாதையை 2010-ல் மூடி, 2018-ல்தான் அகலப் பாதையாக முழுசாகத் திறந்தார்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர்ப் பக்கம் போகிற வண்டிக்கு முன்னால் ஒரு என்ஜின், பின்னால் ஒரு என்ஜின். ஏற்றத்தில் முன்னால் இருப்பது இழுக்க, பின்னால் இருப்பது தள்ளும். ஏன் பின்னாலும் ஒன்று என்று அவளுக்கே ஒரு நாள் கேட்கத் தோன்றும். அவள் கேட்கும்வரை நீங்கள் சொல்லித்தரக் கூடாது.

நாளைக்குக் கேட் போட்டிருந்தால் ஸ்கூட்டரை அணைத்துவிடுங்கள், பெட்ரோலும் மிச்சம். வாயைத் திறக்காதீர்கள். முதல் நாலைந்து நாள் நம்ப மாட்டாள், வழக்கம்போல சாய்ந்துகொள்வாள். சாயட்டும். கண் மூடியிருக்கிறாளா என்று சைடு கண்ணாடியில் மட்டும் பார்க்காதீர்கள்.