காரின் முன் சக்கர பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா?

45,000 கிலோமீட்டர் ஓடிய சிறிய கார், பிரேக் பிடித்தால் முன்பக்கம் கீச்சென்று சத்தம், டயர் மாற்றியதைத் தவிர வேறு அனுபவம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றலாம். டயர் மாற்றத் தெரிந்தவருக்கு எட்டாத வேலை இல்லை. ஆனால் பழைய பேடைக் கழற்றிப் புதியதை மாட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது இருபது நிமிட வேலைதான். பேடுகளைப் பிடித்து அழுத்தும் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். அது நகர்வதற்கு இருக்கும் பின்களை, அதாவது சின்ன இரும்புத் தண்டுகளை, சுத்தம் செய்வதுதான் உண்மையான வேலை. முதல் முறை நான் அதைத்தான் செய்யாமல் விட்டேன்.

நான் இருப்பது பொள்ளாச்சி. வால்பாறைக்கு அடிக்கடி போய்வருவேன். ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். ஒருமுறை இறங்கும்போது உங்களுக்கு வருகிற அதே சத்தம் வந்தது. பேடில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பேட் தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு, சக்கரத்தோடு சுழலும் வட்டத் தட்டான டிஸ்க்கில் உரசிக் கத்தும். எச்சரிக்கைக்காகவே வைத்தது அது. அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால், அப்புறம் கரகரவென்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வரும். அந்தக் கட்டத்தில் டிஸ்க்கும் வீணாகிவிடும், செலவு பல மடங்காகும்.

அதனால் பேட் வாங்கப் போவதற்கு முன் வீலைக் கழற்றிப் பாருங்கள். புது பேடில் உராயும் பாகம் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். வெளிப்பக்க பேடை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது, டிஸ்க்குக்கு உள்பக்கம் இருக்கும் பேடையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தால் காலிப்பர் நன்றாக இருக்கிறது. உள் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பின் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஜாக்கி விஷயத்தில் மட்டும் கொஞ்சம்கூடச் சமரசம் வேண்டாம். சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். முதல் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள், அது பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கிவிடும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொண்டு, பிறகு தூக்குங்கள். காரோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாது. கீழே ஒரு ஜாக் ஸ்டாண்டு (காரின் எடையைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி) வையுங்கள். கழற்றிய வீலையும் பக்கவாட்டில் காருக்கு அடியில் தள்ளிவைத்தால், ஜாக்கி வழுக்கினாலும் கார் முழுதாகக் கீழே இறங்காது.

காலிப்பரின் பின்பக்கம் கைக்கு எட்டும் பக்கமாக ஸ்டியரிங்கைத் திருப்பி வையுங்கள். மேலும் கீழுமாக இரண்டு போல்ட் தெரியும். என் காரில் 14ஆம் நம்பர் ஸ்பேனர், உங்கள் காரில் வேறாக இருக்கலாம். பல கார்களில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றிக் காலிப்பரை மேலே மடக்கினால் பேடுகள் கைக்கு வந்துவிடும். ஆனாலும் இரண்டையும் கழற்றிவிடுங்கள், பின்களைப் பார்க்க வேண்டும் அல்லவா. கழற்றிய காலிப்பரை பிரேக் ஹோஸிலேயே (பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாய்) தொங்கவிடக்கூடாது. உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாது. கொஞ்சம் கட்டுக்கம்பி எடுத்து சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டிவிடுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். எந்தக் கிளிப் எப்படி இருந்தது என்ற சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பேடை மட்டும் எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இப்போது பின்கள். நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் காலிப்பருக்கு ஒரே பிஸ்டன்தான் (பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் வெளியே தள்ளப்படும் உருளை), அதுவும் உள்பக்கம். பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் பின்களின் மேல் நகர்ந்து, வெளி பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்தும். பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. உள் பேட் மட்டுமே வேலை செய்து தேயும். முதல் முறை நான் பேடை மாற்றிவிட்டுப் பின்களைத் தொடாமல் விட்டேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஒருநாள் காரை நிறுத்தி இறங்கினால் இடது முன் சக்கரத்தில் தீய்ந்த வாடை, கையை அருகில் கொண்டுபோனாலே அனல். கழற்றிப் பார்த்தால் உள் பேட் அதன் முதுகில் இருக்கும் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளி பேட் கிட்டத்தட்டப் புதுசு. அந்த வண்டியில்தான் குழந்தைகளை உட்காரவைத்து மலை இறங்கியிருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு நடுங்கியது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பின்னை உருவி எடுத்து, பழைய காய்ந்த கிரீஸைத் துணியால் முழுவதும் துடையுங்கள். மேல் பின்னும் கீழ் பின்னும் ஒரே மாதிரி இருக்காது, ஒன்றில் சின்ன ரப்பர் புஷ் இருக்கலாம். இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பின்னில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தாலோ பின்னை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருந்தாலோ புதியதுதான் போட வேண்டும். பிறகு பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம். அது ரப்பரை ஊதவைக்கும், பின் மறுபடியும் இறுகும். அள்ளி அப்பினாலும் தப்பு, துளைக்குள் காற்று அடைபட்டுப் பின் உள்ளே போகாது. பூசி மாட்டிய பின் ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும்.

பேட் உட்காரும் இடத்தில் இருக்கும் துருவையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம், நுரையீரலுக்குக் கெடுதல். பிரேக் கிளீனரோ ஈரத் துணியோ போதும்.

புது பேட் தடிமன் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் காலிப்பர் டிஸ்க் மேல் உட்காரும். முதலில் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் தளர்த்துங்கள். பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. யாராவது இடையில் ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால், நீங்கள் பிஸ்டனைத் தள்ளும்போது அது வழிந்துவிடும். பெயிண்ட்டில் பட்டால் பெயிண்ட்டை அரிக்கும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மட்டம் மேலே இருந்தால் ஒரு சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடலாம். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்ப்பால் (C வடிவத்தில் இருக்கும், திருகி இறுக்கும் கருவி) மெதுவாக, நேராகத் தள்ளுங்கள். சீராகப் போகும். போகாமல் முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள், அது மெக்கானிக்கிடம் போக வேண்டிய காலிப்பர்.

பேடின் உராயும் முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு துளி கிரீஸ்கூடப் படக்கூடாது. டிஸ்க்கில் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதைவிட மெலிந்திருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ புது பேட் போட்டுப் பயனில்லை. காலிப்பர் போல்ட்டை உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட டார்க் (முறுக்கு விசை) அளவில் முறுக்குங்கள், ஸ்பேனர் மேல் ஏறி மிதித்து முறுக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று என்று சாவியைத் திருப்பி காரை எடுத்துவிடாதீர்கள். இதை மறந்தால் கேட்டிலோ சுவரிலோ போய்த்தான் கார் நிற்கும். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகப் பல முறை மிதியுங்கள். பெடல் கல் மாதிரி ஆகும் வரை மிதிக்க வேண்டும். பிறகு ஆயில் மட்டத்தைப் பார்த்து மூடியை இறுக்குங்கள். எத்தனை முறை மிதித்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தால் காரை ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். எங்கோ காற்றோ கசிவோ இருக்கிறது, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

சரி, பெடல் நன்றாக இருக்கிறது. முதலில் வாசலிலேயே நடை வேகத்தில் இரண்டு மூன்று முறை நிறுத்திப் பாருங்கள். அப்புறம் விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். இடைவெளி விட்டு எட்டு பத்து முறை இப்படிச் செய்து, கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய இது தேவை. முதல் சில நாள் பிடிமானம் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும், முன்னால் போகும் வண்டியிலிருந்து தள்ளியே ஓட்டுங்கள்.

அந்த முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் இரண்டு முன் சக்கரங்களுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். இரண்டிலும் ஒரே அளவு சூடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலடித்தால் அன்றைக்கே கழற்றி அந்தப் பக்கத்துப் பின்னைப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிச் சரிபார்த்துவிடுங்கள்.